வால் நீண்ட வேலைகள்: மடகாஸ்கரில் ஒரு மருத்துவக் கப்பலும் சில வாரத் தன்னார்வலர்களும்

2015-ஆம் ஆண்டின் முற்பகுதி. மடகாஸ்கரின் கிழக்குக் கரையில் இருக்கும் தொவாமசினா துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு கப்பலில், பல ஆண்டுகளாக முகத்தில் கட்டியைச் சுமந்துகொண்டிருந்த ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டியின் எடை 7 கிலோவுக்கும் மேல். சிகிச்சை 12 மணி நேரத்தைத் தாண்டியது. அவருக்கு 17 யூனிட் ரத்தம் தேவைப்பட்டது. அந்த ரத்தம் குளிர்பெட்டியில் சேமித்து வைத்திருந்த ரத்தம் அன்று. கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் உடம்பிலிருந்து அப்போதைக்கப்போது எடுத்துக் கொடுத்த ரத்தம்.

அந்தக் கப்பலில் இது வழக்கமான ஏற்பாடு. பணிக்கு வந்து சேருகிறவர்களில் ரத்தம் கொடுக்கத் தகுதியும் விருப்பமும் உள்ளவர்களின் ரத்த வகையைப் பரிசோதித்துப் பதிந்துவைத்துக்கொள்வார்கள். தேவை வரும்போது அழைப்பு போகும். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பவரோ, இயந்திர அறையில் எண்ணெய்க் கையோடு நிற்பவரோ, கணக்கு எழுதிக்கொண்டிருப்பவரோ கையைக் கழுவிக்கொண்டு மருத்துவத் தளத்துக்கு வருவார்கள். அரை மணி நேரத்தில் பை நிரம்பும். பை உடல்சூடு ஆறுவதற்கு முன்பே சில அடி தூரத்தில் இருக்கும் அறுவை அரங்குக்குப் போய்விடும். கொடுத்தவர் பழச்சாறு குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சில வாரங்கள் சேவை செய்யப் போகிறவர்களைப் பற்றி நிறைய விமர்சனம் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நியாயமான விமர்சனம்தான். தான்சானியாவில் ஓர் அநாதை இல்லத்தில் நூலகம் கட்டப்போன அமெரிக்கப் பள்ளி மாணவிகள் பகலில் கோணலாக வைத்த செங்கற்களை, உள்ளூர்க்காரர்கள் இரவில் எடுத்துவிட்டு மறுபடி ஒழுங்காக அடுக்கினார்கள் என்று, அந்தக் குழுவில் இருந்த ஒருவரே 2014-இல் எழுதினார். கொத்தனார் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? அந்தப் பயணத்துக்கு ஆன விமானச் செலவில் எத்தனை கொத்தனார்களுக்கு எத்தனை மாதக் கூலி கொடுத்திருக்கலாம்? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் இல்லாமல் எவரும் பெட்டி கட்டக்கூடாது என்பதே என் நிலை.

அப்படியிருந்தும் தொவாமசினா நிகழ்வை எடுத்துக்கொண்டு இத்தனை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2014 முதல் 2016 வரை அங்கே நடந்தவற்றில், குறுகிய காலத்துக்கு வந்தவர்களால் நன்றாக நடந்த வேலைகளும் இருக்கின்றன, அவர்களால் மட்டும் நடந்திருக்கவே முடியாத வேலைகளும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், எந்த வேலைக்கு யார் போகலாம் என்பது ஓரளவு துலங்குகிறது.

கப்பலும் அது அங்கே வந்த விதமும்

அந்தக் கப்பலை நடத்தும் மெர்சி ஷிப்ஸ் கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படையில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம். டான் ஸ்டீவன்ஸ், டெயான் ஸ்டீவன்ஸ் தம்பதியர் 1978-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தொடங்கினார்கள். பழைய இத்தாலியப் பயணிகள் கப்பல் ஒன்றை வாங்கி மருத்துவமனையாக்கியது முதல் முயற்சி. நாம் பேசும் 'ஆப்பிரிக்கா மெர்சி' அதற்குப் பின்னால் வந்தது. டென்மார்க்கில் ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு நீரிணையைக் கடந்த படகு அது. 1997-இல் அந்த நீரிணையில் ரயில் பாதை திறக்கப்பட்டதும் படகுக்கு வேலை இல்லாமல் போனது. 1999-இல் அதை வாங்கி, இங்கிலாந்தின் வடகிழக்கில் பல ஆண்டுகள் செலவிட்டு மாற்றியமைத்தார்கள். ஒரு காலத்தில் தண்டவாளம் ஓடிய தளத்தில் இப்போது அறுவை அரங்குகளும் நோயாளிகளின் படுக்கைகளும் இருக்கின்றன. 2007-இல் லைபீரியாவின் மன்ரோவியாவில் அதன் பணி தொடங்கியது.

கப்பலில் நானூறு பேர் அளவில், நாற்பது நாடுகள் வரை, எல்லோரும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. அந்த ஆண்டுகளில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே மாதாமாதம் பணம் கட்டினார்கள், பயணச் செலவும் அவரவருடையதுதான். தலைமை அறுவை மருத்துவருக்கும் பாத்திரம் துலக்குபவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. சிலர் பல ஆண்டுகள் குடும்பத்தோடு தங்குகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காகக் கப்பலிலேயே பள்ளிக்கூடம் உண்டு. மற்றவர்கள் இரண்டு வாரத்திலிருந்து சில மாதங்கள் வரை இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தச் சேர்மானத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

மடகாஸ்கர் அவர்களுடைய திட்டத்திலேயே இல்லை. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கினிக்குப் போவதாக ஏற்பாடு. அந்த ஆண்டு மார்ச் மாதம் கினியில் எபோலா உறுதியானது. வேறு மேற்கு ஆப்பிரிக்க நாடு பார்த்தார்கள். நோய் எல்லை தாண்டிப் பரவியதால் அதுவும் கைகூடவில்லை. ஆகஸ்டில் உலக சுகாதார அமைப்பு சர்வதேச அவசர நிலையை அறிவித்தது. கப்பல் தெற்கே திரும்பி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, அக்டோபரில் தொவாமசினாவுக்கு வந்தது.

தேவை அதிகமாக இருந்த நேரத்தில் மேற்கு ஆப்பிரிக்காவை விட்டுப் போனது சரியா என்று கேட்கலாம். சரி என்றே நான் நினைக்கிறேன். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்காக அமைந்த கப்பல் அது. குறுகிய நடைவழிகளில் நானூறு பேர் ஒன்றாக வாழும் இடத்தில் எபோலா நோயாளியைத் தனிமைப்படுத்த வழியில்லை. முடியாத வேலையை முடியாது என்று சொல்வதும் சேவையின் ஒரு பகுதிதான். பெரும்பாலான சேவைக் குழுக்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மடகாஸ்கரின் நிலைமையும் மோசமாகத்தான் இருந்தது. 2009-இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு வெளிநாட்டு உதவிகளில் பெரும்பகுதி நின்றுபோய், 2013 இறுதியில் தேர்தல் நடந்த பின்னரே மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது. அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், மகப்பேறு மருத்துவர் மூவகையினரையும் சேர்த்து எண்ணினாலும் ஒரு லட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை. குறைந்தது இருபது பேர் வேண்டும் என்பது 2015-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன அளவு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 5,000 அறுவைச் சிகிச்சைகள் தேவை என்றும் அது கணக்கிட்டது. மடகாஸ்கரில் நடந்தவை 135 அளவில். தலைநகர் அந்தனானரீவோவிலிருந்து தொவாமசினாவுக்கு வரும் நெடுஞ்சாலையே மலையும் வளைவுமாக ஒரு நாளை விழுங்கிவிடும். மழைக்காலத்தில் உள்நாட்டுக் கிராமங்களுக்குப் பாதையே இல்லை. சிகிச்சை கிடைத்தாலும் அதற்குக் கொடுக்கும் பணம் குடும்பத்தை வயல் விற்க வைத்துவிடும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே துறைமுகத்தில்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். கைத்தொழிலோடு சேர்ந்த மிஷன் பணிக்கு மடகாஸ்கரில் நீண்ட வரலாறு உண்டு.

1818-இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் முதல் இருவர், டேவிட் ஜோன்ஸ், தாமஸ் பெவன், இதே தொவாமசினாவில் கரையிறங்கினார்கள். சில மாதங்களுக்குள் காய்ச்சல் பெவனையும் அவர் குடும்பத்தையும் ஜோன்ஸின் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோனது. ஜோன்ஸ் மட்டும் பிழைத்தார். அப்போது ஆண்ட முதலாம் ரதாமா மன்னருக்குப் பிரசங்கிகளைவிடத் தொழில் தெரிந்தவர்கள் மீதுதான் ஆசை. ஆகவே தச்சர், கொல்லர், நெசவாளர், தோல் பதனிடுபவர் என்று வரிசையாக வந்தார்கள். 1826-இல் வந்த ஜேம்ஸ் கேமரன் என்ற ஸ்காட்லாந்துத் தச்சர் அவர்களில் முக்கியமானவர். அச்சு இயந்திரத்தைப் பொருத்தினார், செங்கல் சுட்டார், நீர்த்தேக்கம் அமைத்தார், பழகுநர்களாக உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார்.

ரதாமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த ராணி முதலாம் ரணவலோனாவுக்கு மிஷனரிகள் மீது நம்பிக்கை இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும் எண்ணத்தோடு, கடைசியாக ஒரு கேள்வி கேட்டு ஆள் அனுப்பினார்: இந்த நாட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சோப்பு செய்ய முடியுமா? கேமரன் சில நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு முயன்று, பயன்படுத்தத்தக்க சோப்புக் கட்டியைச் செய்து காட்டினார். அவர்கள் மேலும் சில ஆண்டுகள் தங்கியதற்கு அந்தச் சோப்பு ஒரு காரணம். 1835-இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டபோது கேமரனும் வெளியேறினார். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் திரும்பி வந்து, 1875-இல் அந்த மண்ணிலேயே இறந்தார்.

சோப்புக் கட்டியைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தப் பழகுநர்கள்தான். கேமரன் வெளியேற்றப்பட்ட பிறகும் செங்கல் சுடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

தானாக முடியும் வேலை

மறுபடியும் கப்பலுக்கு வருவோம். அங்கே நடக்கும் வேலைகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். சில வேலைகள் செய்த அன்றே முடிந்துவிடும். வேறு சில வேலைகளுக்கு வால் உண்டு. செய்தவர் ஊருக்குப் போன பிறகும் அது நீண்டுகொண்டே போகும்.

ரத்தம் கொடுப்பது முதல் வகை. கொடுத்தவர் அடுத்த வாரம் நாட்டைவிட்டுப் போனாலும் வாங்கியவருக்கு அதனால் குறையில்லை. கண்புரை நீக்கம் கிட்டத்தட்ட இந்த வகைதான். சில நாள் மருந்து, ஓரிரு பரிசோதனை, அத்தோடு முடிந்தது. உதட்டுப் பிளவைச் சரிசெய்வதும் பெரும்பாலும் அப்படியே. மூன்று வாரம் விடுப்பெடுத்து வரும் ஒரு தேர்ந்த அறுவை மருத்துவர் இவற்றை முழுமையாகச் செய்து கொடுத்துவிட்டுப் போக முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அவர் போன பிறகு தையல் பிரிக்கவும் காயத்தைப் பார்க்கவும் அங்கே ஆள் இருக்க வேண்டும். கப்பல் ஒரு துறைமுகத்தில் ஏறத்தாழ ஒன்பது, பத்து மாதம் நிற்பது இதற்காகத்தான். கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே செய்தவர்களைக் கவனிப்பதில் இறங்கிவிடுவார்கள். தனியாகப் பெட்டியோடு பறந்து வந்து, இரண்டு வாரம் அரசு மருத்துவமனையில் சிகிச்சைகள் செய்துவிட்டுப் பறந்துபோகும் குழுக்களுக்கு இந்த வசதி இல்லை. சிக்கலான சிகிச்சைகளில் அப்படிப்பட்ட குறுகிய காலக் குழுக்களின் விளைவுகள் கவலை தருபவையாகவும், கப்பல் போலத் தன்னகத்தே எல்லாவற்றையும் கொண்ட அமைப்புகளின் விளைவுகள் அதைவிட நல்லனவாகவும் இருந்தன என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. வந்தவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதைவிட, அவர்கள் எதற்குள் வந்து பொருந்தினார்கள் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக எனக்குத் தெரிகிறது.

மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், சமையற்காரர், சலவைக்காரர் ஆகியோரையும் நான் இங்கேதான் சேர்ப்பேன். குறுகிய காலச் சேவைக்கு மருத்துவர்களைவிட இவர்களே பொருத்தமானவர்கள் என்று சொல்லவும் தயங்கமாட்டேன். கப்பலில் மின்சாரம் அதன் சொந்த ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. கரைக்காற்றின் புழுக்கத்தில் குளிரூட்டும் கருவி நின்றால் அறுவை அரங்கில் வேலை செய்ய முடியாது. ஆட்டோகிளேவ் பழுதானால் அன்றைக்கு நுண்ணுயிர் நீக்கிய கருவிகள் இல்லை. கருவிகள் இல்லையென்றால் உலகின் எந்தப் பெரிய மருத்துவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். படுக்கை விரிப்புகள் தினமும் துவைத்தாக வேண்டும். நானூறு பேருக்கும் நோயாளிகளுக்கும் மூன்று வேளை உணவு. இந்த வேலைகள் எல்லாம் ஒவ்வொரு மாலையும் முடிந்து, மறுநாள் காலை புதிதாகத் தொடங்குகின்றன. போன வாரம் சோறு வடித்தவர் வேறு, இந்த வாரம் வடிப்பவர் வேறு என்பதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. தன் ஊரில் இருபது ஆண்டு வயரிங் செய்த ஒருவர் இங்கே வந்து நான்கு வாரம் வேலை செய்தால், அந்த நான்கு வாரமும் முழுசாக வேலையில் சேரும்.

இதே ஆளை ஒரு கிராமத்தில் தனியாக இறக்கிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மின் இணைப்புச் செய்யச் சொன்னால் கதை மாறிவிடும். அந்த ஊர்க் கடையில் என்ன கம்பி கிடைக்கும், எது கிடைக்காது என்று அவருக்குத் தெரியாது. அவர் கொண்டுவந்த சுவிட்சு கெட்டுப்போனால் அதே அளவில் இன்னொன்று அங்கே வாங்க முடியாது. கையும் அதே, மனமும் அதே. கப்பலில் சுற்றியிருந்த ஏற்பாடு அங்கே இல்லை.

கப்பலில் எல்லாம் குறையின்றி நடந்தது என்று சொல்ல வரவில்லை. செவிலியர்கள் சில மாதங்களுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கற்றது ஒவ்வொரு முறையும் கைமாற வேண்டியிருக்கிறது. வெளிநாட்டவர்களில் அநேகமாக எவருக்கும் மலகாசி மொழி தெரியாது. துறைமுக நகரிலிருந்து கூலிக்கு அமர்த்திய நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்க்காரர்கள் இல்லாமல் ஒரு நாள்கூட வார்டு நடந்திருக்காது. மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களில் பெரும்பகுதி. தீவின் ஒரு கோடியிலிருந்து வந்த தாயின் பேச்சு வழக்கு தொவாமசினாக்காரருக்கே சில நேரம் புரியாது. ஆங்கிலத்தில் செவிலியர் சொன்னதை அவர் மலகாசியில் சொல்லி, அருகில் படுத்திருக்கும் இன்னொரு நோயாளி அதை ஊர் வழக்கில் எடுத்துச் சொல்ல வேண்டிவரும். காகிதத்தில் தன்னார்வலர்களின் எண்ணிக்கைதான் முதலில் வருகிறது. நான் இந்த அறிக்கையை எழுதுவதானால் மொழிபெயர்ப்பாளர்களைத்தான் முதலில் வைப்பேன்.

நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2011 மார்ச்சில் சியெரா லியோனின் ஃப்ரீடவுனில், நோயாளிகளைத் தேர்வு செய்ய மைதானத்தில் ஒரே நாளில் கூட்டம் கூட்டியபோது நெரிசல் ஏற்பட்டு ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். நல்லெண்ணம் மட்டும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்பதற்குக் கொடுத்த விலை அது. மடகாஸ்கரில் குழுக்கள் பல ஊர்களுக்குத் தாங்களே போய், நோயாளிகள் இருக்கும் பகுதியிலேயே பார்த்து, தேர்வானவர்களைத் துறைமுகத்துக்கு அழைத்துவர ஏற்பாடு செய்தார்கள். தீவின் நீளம் சுமார் 1,600 கிலோமீட்டர். ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் வரச் சொன்னால் பணமும் தெம்பும் உள்ளவர்கள்தான் வருவார்கள்.

ஒரு மாவுக்கட்டின் கணக்கு

வால் உள்ள வேலைக்கு வளைபாதம் மிகச் சரியான உதாரணம். பாதம் உள்நோக்கித் திரும்பிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பொன்செட்டி முறை என்றொரு சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கியது. பெரிய அறுவை எதுவும் வேண்டாம். கையால் பாதத்தை மெல்லத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அதை நனைத்துப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி மறுபடி கட்டுகிறார்கள். இப்படி ஐந்து, ஆறு வாரம். ஒவ்வொரு வாரமும் பாதம் வெளிப்பக்கமாக ஒரு படி திரும்பியிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் சிறு வெட்டு, அதற்கு மேல் மூன்று வாரம் கடைசிக் கட்டு.

இத்தோடு பாதம் நேராகிவிடும். புகைப்படம் எடுத்தால் அழகாக இருக்கும். வந்தவர் நிறைவோடு ஊருக்குப் போகலாம்.

ஆனால் சிகிச்சையின் நீண்ட பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு கம்பியின் இரு முனையிலும் பொருத்திய சிறு காலணிகளை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கு வயதுவரை ஒவ்வொரு இரவும் குழந்தை அணிய வேண்டும். அணியாவிட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும். குழந்தை முதலில் அழும். தூக்கத்தில் உதைக்கும். வார் தேயும். கால் வளர வளரக் காலணியின் அளவு மாற வேண்டும். அழுகிறதே என்று பாட்டி அவிழ்த்துவிடுவாள். அந்த வீட்டுக்கு யாராவது மறுபடி மறுபடி போய், தாயிடம் அவளுடைய மொழியில் பேசி, பெரிய காலணி கொடுத்து, விடாதே அம்மா என்று சொல்ல வேண்டும். நான்கு ஆண்டு! ஆறு வாரத் தன்னார்வலர் இதில் எத்தனை பங்கு?

மாவுக்கட்டுப் போடுவதை உள்ளூர் இயன்முறை மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதைத் திட்டத்தின் மையமாக மெர்சி ஷிப்ஸ் வைத்ததற்கு இதுதான் காரணம். வெளிநாட்டவரின் கையும் உள்ளூர் மருத்துவரின் கையும் ஒரே குழந்தையின் பாதத்தில். முதல் வாரம் அவர் கட்ட இவர் பார்க்கிறார். பிறகு இவர் கட்ட அவர் பார்க்கிறார். தானே கட்டினால் சீக்கிரம் முடியும் என்று தெரிந்தும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவரே இந்த வேலைக்கு உகந்தவர்.

பிரசவத்தால் வரும் ஃபிஸ்துலாவும் இப்படித்தான். நாள்கணக்கில் நீண்ட பிரசவ வேதனையில் குழந்தையின் தலை அழுத்தி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்துவிடுகிறது. அநேகமாகக் குழந்தையும் பிழைப்பதில்லை. அதன் பிறகு சிறுநீர் சதா கசிந்துகொண்டே இருக்கும். நாற்றம் என்று கணவன் விலகுவான், ஊர் விலக்கும். அறுவைச் சிகிச்சையில் குணமான பெண்களுக்குக் கப்பலில் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். புத்தாடை உடுத்தி, தலை அலங்கரித்து, பாட்டோடு வார்டுக்குள் அழைத்து வருவார்கள். விரும்புகிறவர்கள் எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். ஈரமாகாத புதுத் துணியோடு நாலுபேர் நடுவே உட்கார்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது, பல ஆண்டு ஓரமாகவே உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். இதை விளம்பரம் என்று சிலர் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் தொவாமசினாவில் நின்ற கப்பல் கிளம்பிய மறுநாளும் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண் மூன்றாவது நாளாகப் பிரசவ வேதனையில் கிடப்பாள். கப்பல் போவதற்கு முன்பே இதை யோசித்தார்கள். ஃபிஸ்துலாவுக்கென்றே இயங்கும் வேறொரு தொண்டு அமைப்பான ஃப்ரீடம் ஃப்ரம் ஃபிஸ்துலா, அந்த ஊரிலேயே கரையில் பணியைத் தொடர்ந்தது. கப்பலின் சாதனைகளில் சிகிச்சை எண்ணிக்கைக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்பேன்.

பத்தொன்பது வரிகள்

மூன்றாவதாக ஒரு வேலையும் நடந்தது. இதில் கத்தியும் இல்லை, கட்டும் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், மொத்தம் 19 அம்சங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒரு நிறுத்தம், கத்தி வைக்கும் முன் ஒன்று, நோயாளி அரங்கைவிட்டு வெளியேறும் முன் ஒன்று. இவர்தானே நோயாளி, எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டியாயிற்றா, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கப்பலிலிருந்து சிறு குழுக்கள் மடகாஸ்கரின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கும் மருத்துவமனைகளுக்குப் போய், சில நாள்கள் தங்கி, மருத்துவர், செவிலியர், மயக்க மருந்துப் பணியாளர் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து இதைப் பயிற்றுவித்தன. சில மாதங்கள் கழித்து மீண்டும் போய்ப் பார்த்தன. ஓராண்டு கடந்த பிறகும் விசாரித்தன. பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் அப்போதும் பட்டியலைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். வெறும் சில நாள் பயிற்சி இப்படி நிலைத்ததற்கு, திரும்பி வந்து பார்ப்போம் என்று சொன்னதும் சொன்னபடி வந்ததும் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. சேவைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை போய், தாங்கள் செய்தது என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள்? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். அளப்பதற்கு இரண்டாம் முறை போயாக வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

இதைப் படிப்பவர்களில் எவராவது ஆப்பிரிக்க நாடொன்றுக்குச் சில வாரம் சேவைக்குப் போக எண்ணியிருக்கலாம். உங்களை அழைக்கும் அமைப்பிடம் மூன்று விஷயங்களை வற்புறுத்திக் கேளுங்கள். நான் செய்யப்போகும் வேலையை அந்த ஊரில் செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா? இருந்தால் என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்? நான் கிளம்பிய பிறகு அந்த வேலையின் வாலைப் பிடித்துக்கொள்ளப் போகிறவரின் பெயர் என்ன? பெயரைச் சொல்ல முடியாமல், "உள்ளூர் சமூகம்" பார்த்துக்கொள்ளும் என்று பொதுவாகப் பதில் வந்தால், அந்த டிக்கெட் பணத்தை அந்த ஊரில் ஏற்கெனவே பணியாற்றும் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள். உங்கள் உள்ளம் எவ்வளவு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே படுத்திருப்பவருக்கு அது போதாது.

ஆப்பிரிக்கா மெர்சி 2016-இன் நடுவில் தொவாமசினாவைவிட்டுக் கிளம்பியது. 2024-இல் அதே கப்பல் அதே துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. முதல் முறை வந்தபோது மாவுக்கட்டுப் போட்டுக்கொண்ட கைக்குழந்தைகளுக்கு இப்போது பள்ளிக்குப் போகும் வயது. இரவில் அந்தக் காலணியின் வாரை அவிழ்க்காமல் நான்கு ஆண்டு காத்த தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள்.